வெளுப்புத் தொட்டிக்காரியின் தோல்

சாயப்பட்டறையில் அவளைத் 'தொட்டி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக வெளுப்புத் தொட்டிதான் அவள் இடம். பெராக்சைடு ஊற்றித் துணியை வெளுப்பாள். மிஞ்சிய பெராக்சைடை முறிக்க என்சைம் ஊற்றுவாள். முறியாமல் கிடந்தால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். பெராக்சைடு மிச்சமிருக்கிறது என்று டெஸ்ட் பேப்பர் நீலமானால் துணி அடுத்த தொட்டிக்குப் போகாது. முதலாளியே வந்து கெஞ்சினாலும் போகாது.

அவள் மணிக்கட்டில் வெண்புள்ளி வந்தது. பிறகு விரல்நுனியில், பாதத்தில்.

"மூணு மாசம் பார்ப்போம்மா. பரவுச்சுன்னா பேக்கிங்குக்குப் போயிடு" என்றார் டையிங் மாஸ்டர். பேக்கிங்கில் பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். கற்ற வித்தையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தோல் டாக்டரம்மா அவள் கொண்டுபோன பட்டறை ரசாயனப் பட்டியலை வரிவரியாகப் படித்தார்.

"பாதத்துல தொட்டித் தண்ணி படுமா?"

"பூட்ஸ் போட்டிருப்பேன் டாக்டர்."

"அப்ப தொட்டி மேல பழி போட முடியல. கிளவுஸை மட்டும் கழட்டாதீங்க. எல்லார் தோலுக்குள்ளயும் பெராக்சைடு ஊறுது. அதை முறிக்கிற கேட்டலேஸ்ங்கிற என்சைம் உங்களுக்குக் குறைச்சல். மிஞ்சினது நிறம் தர்ற செல்லை வாட்டுது. வாடினதை உங்க உடம்பே எதிரின்னு நெனச்சு அடிக்குது."

"கேட்டலேஸா? அதைத்தானே நான் டிரம் டிரம்மா ஊத்துறேன்."

"கையில ஊத்திக்காதீங்க. தோலுக்குள்ள நுழையாது."

அவள் லேசில் நம்புகிற ஆளா? மறுநாள் மணிக்கட்டை நனைத்து டெஸ்ட் பேப்பரை வைத்து அழுத்தினாள். நீலம் ஏறவில்லை. அதைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தாள்.

"என்கிட்டயே கதை விட்டீங்களே."

டாக்டர் சிரித்துவிட்டார். "தொட்டியை வெளியில துடைச்சுப் பார்த்தா உள்ள இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு செல்லும் ஒரு தொட்டிம்மா. கோடிக்கணக்குல இருக்கு."

திரும்பும் பேருந்தில் கண்டக்டரின் பிடரியை, எதிர் சீட்டுக் குழந்தையின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அத்தனை தொட்டியும் ஓடுகிறது. ஷிப்ட் இல்லை, மேஸ்திரி இல்லை, ஒரு நாள் லீவும் இல்லை. தன் உடம்புப் பட்டறையில் ஏதோ ஒரு வரிசை தடுமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

களிம்பு, வாரம் மூன்று நாள் ஒளி சிகிச்சை. ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைக்கு டாக்டர் பெரிய வாக்குக் கொடுக்கவில்லை. "கொஞ்சம் கைகொடுக்கலாம். அது மட்டுமே போதும்னு எவனாவது வித்தா வாங்காதீங்க."

மூன்றாம் மாதக் கடைசியில் மணிக்கட்டை மாஸ்டர் முன் நீட்டினாள். அவர் நூல் எண்ணும் லென்ஸை அதன்மேல் வைத்துக் குனிந்தார். வெள்ளைக்கு நடுவே, ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகளவு பழுப்பு.

"யாரு போட்ட சாயம் இது?"

"யாரும் போடல சார். முடி வேர்ல மிச்சமிருந்த செல்லு ஏறி வருதாம். விரல்நுனியில முடி இல்ல, அங்க வர்றது கஷ்டம்னாங்க."

"பரவலையே?"

"புதுசா ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் லென்ஸை எடுக்கவே இல்லை. பின்னால் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். கடைசியில் நிமிர்ந்தார்.

"கையை நீட்டிக்கிட்டு இங்க என்ன பண்றே? போ, தொட்டி கொதிக்குது."