மூச்சு விடாத மாப்பிள்ளை

திருச்சி புத்தூரில் அடைக்கலராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. ‘சினிமாவில் நடித்த அடைக்கலராஜ்’ என்றால் தெரியும். என்ன படம், என்ன வேஷம் என்று கேட்டால் மறுபடியும் யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு தெரியாதுகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் பன்னிரண்டு வருஷம் கௌரவமாகக் குடித்தனம் நடத்த வேண்டுமென்றால் பெரிய சாமர்த்தியம் வேண்டும். அடைக்கலராஜுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும், அவ்வளவுதான். சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருப்பவருக்கு அது போதும்.

அவர் நடித்தது உண்மை. அதில் ஒரு சொல் பொய் கிடையாது. எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்து மணலில், ‘கண்ணீர்ச் சுடர்’ மதனராஜன் நடித்த ‘கொள்ளிடத்துக் கண்மணி’ படப்பிடிப்பு நடந்தது. (கண்ணீரும் சுடரும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்கள் தொட்டியம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டுப் பார்க்கலாம்.) கதைப்படி மதனராஜனின் தம்பி ஆற்றோடு போய்விடுகிறான். தம்பியாக நடித்த பையன் உயிரோடிருக்கும் காட்சிகளையெல்லாம் நடித்து முடித்துவிட்டு, பிணமாகப் படுக்கமாட்டேன் என்று மெட்ராசுக்கு ரயிலேறிவிட்டான். ஜாதகத்தில் கண்டமாம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஆள் கேட்டபோது கூட்டம் நாலடி பின்னால் போனது. பராக்குப் பார்த்துக்கொண்டு நின்ற அடைக்கலராஜ் மட்டும் அதே இடத்தில் நின்றதால் முன்னால் வந்தவர் போலத் தெரிந்தார்.

“வேதக்காரப் பையனா? அப்ப உனக்கென்னப்பா சகுனம், வந்து படு” என்றார் கம்பெனி மானேஜர், கழுத்துச் சிலுவையைப் பார்த்து.

படுத்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். கொதிக்கிற மணலில் மதனராஜன் அவர்மேல் விழுந்து கட்டிப்பிடித்து அழுதார். கிளிசரின் சொட்டுச் சொட்டாக அடைக்கலராஜின் காதுக்குள் இறங்கியது. பிணத்தின் வயிறு ஏறி ஏறி இறங்குவதைக் கண்ட மகாநடிகர், அழுகையை நிறுத்தாமலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, “தம்பி, மூச்சு விடாதே!” என்றார். அடைக்கலராஜின் கலையுலக வாழ்க்கை அத்துடன் முடிந்தது. கூலியாக ஒரு பொட்டலம் புளியோதரை.

மறு வருஷம் பெண் பார்க்கத் தொட்டியம் போனார்கள். வாழைத்தோட்டக்காரர் அற்புதசாமி மதனராஜனுக்கு எப்பேர்ப்பட்ட ரசிகர் என்றால், மாட்டுத் தொழுவத்தில்கூட அவர் படத்தை மாட்டியிருந்தார். மாடு அதைப் பார்த்துக்கொண்டேதான் கறந்தது. பையன் மதனராஜனோடு நடித்தவன் என்று தரகர் ஊதிவிட்டிருந்தார். அற்புதசாமி காபியைக்கூடக் கவனிக்கவில்லை.

“நெஜமாவே அவரைப் பக்கத்துல பார்த்தீங்களா?”

“கட்டிப்பிடிச்சு அழுதாருங்க” என்றார் அடைக்கலராஜ்.

அற்புதசாமியின் கண் கலங்கியது. “அழுதாரா! என்ன சொன்னாரு?”

“தம்பி, மூச்சு விடாதேன்னாருங்க.”

அடுத்த வார்த்தையில் எல்லாம் விளங்கியிருக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடைக்கலராஜின் அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பெண் கேட்கப் போன வீட்டில், பிணமாகப் படுத்தேன் என்றா சொல்வது? இந்த ஜனங்கள் சகுனம் பார்ப்பது பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு, கோயில் வாசலில் பூனை குறுக்கே போனால் நின்று போகிறவர்கள்.

ஆனால் அற்புதசாமிக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை. மகாநடிகர் இந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழுது, மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டி, வெளியே மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்! “சொல்லாதீங்க மாப்பிள்ளை. எங்கிட்டயும் சொல்லாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ‘மாப்பிள்ளை’ என்ற சொல் அங்கேயே வந்துவிட்டது. பெண்ணான லூர்துராணியைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

படம் வெளியாகித் திருச்சியில் மூன்றே நாள் ஓடியது. நாலாம் நாள் போஸ்டரை ஆடு தின்றது. அற்புதசாமி அப்போது குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தையல் பிரிந்துவிடும், ஒரு வாரம் அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக மதனராஜன் படங்களில் அவர் பார்க்காத ஒரே படம் அதுதான். அடைக்கலராஜும் பார்க்கவில்லை. தான் செத்துக் கிடப்பதைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன்?

பன்னிரண்டு வருஷம் அந்த ரகசியம் அவருக்குச் சோறு போட்டது. மாமனார் வீட்டில் முதல் இலை அவருக்கு. தொட்டியத்திலிருந்து வரும் வாழைத்தாரில் பெரியது அவருக்கு. மதனராஜன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது அற்புதசாமி மருமகனை ஓரமாக அழைத்து, “அதுதானா?” என்றார். அடைக்கலராஜ் மூச்சு விடவில்லை. கட்சியில் சேர்ந்தபோதும் அதே கேள்வி, அதே பதில். அற்புதசாமிக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. ஆபீசில் இந்த மௌனத்துக்கு மெமோ கொடுத்தார்கள். மாமனார் வீட்டில் மோதிரம் போட்டார்கள்.

இந்தக் கௌரவத்துக்கு ஆபத்து, எண்பத்தாறாம் வருஷம் ஈஸ்டருக்கு முன், குவைத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் லூர்துராணியின் தம்பி அருள்நாதன். கூலிங் கிளாஸ், செண்டு, அக்கா வீட்டுக்கென்று கலர் டிவி, வீடியோ டெக்.

“அத்தான், உங்களுக்கு என்ன கொண்டாந்திருக்கேன் சொல்லுங்க பார்ப்போம்.”

“கைலியா?”

“உங்க படம்! கொள்ளிடத்துக் கண்மணி! குவைத்துல ஒரு கடையில தூசி தட்டி எடுத்தேன்.”

அடைக்கலராஜின் முகத்தைப் பார்த்தவர்கள் அது ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அற்புதசாமிக்குச் செய்தி போனது. தவக்காலத்தில் அவர் கறியை விட்டாலும் விடாவிட்டாலும் சினிமாவை விட்டுவிடுவார். நாற்பது நாள் அழாமல் சேர்த்து வைத்த கண்ணீரோடு ஈஸ்டரன்று காலைப் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துப் புத்தூர் வந்து இறங்கினார். கையில் ஒரு வாழைத்தார், ஒரு டஜன் கைக்குட்டை, கண்ணாடி போட்ட மதனராஜன் படம். டிவிக்கு மேல் படத்தை வைத்து, வாசல் குரோட்டன்ஸில் நாலு கொத்து ஒடித்துச் செருகினார்.

“அப்பா, அந்தாளு படத்தைத் திரு இருதய ஆண்டவருக்கு நேரா வைக்காதீங்க” என்றாள் லூர்துராணி.

“ஏன்டி, ரெண்டு பேரும் நமக்காகக் கஷ்டப்பட்டவங்கதான்.”

நிகழ்ச்சி நிரலை அற்புதசாமியே வகுத்தார். முதலில் மதனராஜனின் ‘தியாகத்தின் தம்பி’. பிறகு பிரியாணி. கடைசியில் கொள்ளிடத்துக் கண்மணி. “பாயசத்தை யாராவது முதல்ல குடிப்பாங்களா?”

அடைக்கலராஜ் முதலில் கரண்டை நம்பினார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் போகும் கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகாமல் கல் மாதிரி நின்றது. பிறகு பிரியாணியை நம்பினார். மாமனார் இலையில் தானே முன்னின்று மூன்று தடவை பரிமாறினார். அற்புதசாமி மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டு, முன்னைவிடத் தெளிவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியாகத் தன் வயிற்றை நம்பினார்.

“என்னமோ வயிறு சரியில்ல மாமா. நான் கொஞ்சம் படுக்கிறேன்.”

“இங்கயே படுங்க மாப்பிள்ளை. உங்க படத்துல நீங்க இல்லாமயா?”

மாப்பிள்ளை அந்தப் படத்திலும் படுக்கத்தான் செய்தார் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வீட்டுச் சாரா பீவியும் வந்து சேர, படம் ஓடியது. காட்சிக்குக் காட்சி அருள்நாதன், “இதுல எங்க அத்தான் நீங்க?” என்று கேட்டார். மீசை வைத்த எந்த ஆள் வந்தாலும் அற்புதசாமி, “இவர்தானே?” என்றார். அடைக்கலராஜ் எதற்கும் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பழக்கம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரே கணக்கு ஓடியது: மூடிய துணியை மதனராஜன் விலக்குவார். முகம் தெரியும். ஈஸ்டர் திருநாளும் அதுவுமாக, கட்டிய பெண்டாட்டி கண்ணெதிரே புருஷன் செத்துக் கிடப்பான். முதல் இலையும் போகும், பெரிய தாரும் போகும்.

கொள்ளிடம் வந்தது. மணல் வந்தது. துணி போர்த்திய உருவம் திரையின் அடியில் நீளமாகக் கிடந்தது. மதனராஜன் ஓடி வந்தார், விழுந்தார், துணியில் கை வைத்தார். அடைக்கலராஜ் கண்ணை மூடிக்கொண்டு, “மாதாவே” என்றார்.

மாதா கைவிடவில்லை. வெளிநாட்டுக் காசெட்டுகளில் படத்தின் அடியில் விளம்பரம் ஊர்ந்து போகுமே, அது சரியாக அந்த நேரத்தில் புறப்பட்டது. ‘மணமக்களுக்கேற்ற புத்தம் புதிய பட்டுப் புடவைகள்... குடும்பத்துடன் வருக...’ எழுத்துகள் பிணத்தின் முகத்தின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. மதனராஜன் துணியை விலக்கி, பட்டுப் புடவையைப் பார்த்துக் கதறினார்.

அற்புதசாமியின் மூன்றாவது கைக்குட்டை நனைந்தது. அடைக்கலராஜ் கண்ணைத் திறந்தார். பிழைத்தோம் என்று நினைத்த அந்த நொடியில் லூர்துராணி வாயைத் திறந்தாள்.

“ஏங்க, அது உங்க கால்தானே?”

விளம்பரம் முகத்தை மறைத்ததே தவிர, விறைத்து நின்ற பாதங்களை மறைக்கவில்லை.

“எந்தக் காலு?”

“பொணத்தோட காலு. எடது காலு சுண்டுவெரலு பக்கத்து வெரல் மேல ஏறி உக்காந்திருக்கு பாருங்க. பன்னண்டு வருஷமா அந்தக் காலைத் தாண்டித் தாண்டித்தானே கூடத்தைப் பெருக்குறேன். எனக்குத் தெரியாதா?”

எல்லாத் தலைகளும் திரையிலிருந்து இறங்கி அடைக்கலராஜின் காலுக்கு வந்தன. காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். அது போதும், வேறு சாட்சி வேண்டியதில்லை.

“அட, நீங்கதானா செத்தது அண்ணே?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள் சாரா பீவி.

அருள்நாதன் விழுந்து விழுந்து சிரித்தார். “நடிச்சாரு நடிச்சாருன்னு மோதிரம் போட்டீங்களேப்பா! படுத்திருக்காரு! அதையும் ஒழுங்காப் படுக்கல, வயிறு ஏறி எறங்குது பாருங்க!”

அற்புதசாமி சிரிக்கவில்லை. “அருளு, அந்த எடத்தைத் திருப்பு.”

திருப்பினார். பட்டுப் புடவை பின்னோக்கி ஊர்ந்தது.

“சத்தத்தைக் கொறை.”

குறைத்தார். அற்புதசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்கு டிவியை நெருங்கினார். முப்பது வருஷமாக அந்த உதடுகளைப் பார்த்து அழுதவர். “வசனம் ‘எங்கடா போனே’ன்னு வருது. வாய் அதைச் சொல்லல. பாரு... மூ... ச்சு... வி... டா... தே.”

அற்புதசாமி திரும்பினார்.

“இதுதானா மாப்பிள்ளை அந்த ரகசியம்?”

மருமகன் வழக்கம் போல மூச்சு விடவில்லை. இந்தத் தடவை அது விட முடியாததால்.

“அப்ப, பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு, பொணமா நடிச்ச ஆளுக்குத்தான் நான் பொண்ணைக் குடுத்தேன்.”

“அப்பா...” என்றாள் லூர்துராணி.

“நீ சும்மா இரு.” நாலாவது கைக்குட்டையை எடுத்தார். “அவரு அம்மாவுக்கு அழுதிருக்காரு, தங்கச்சிக்கு அழுதிருக்காரு, ஒரு படத்துல எருமை மாட்டுக்குக்கூட அழுதிருக்காரு. எல்லாம் யாரோ எவரோ. நம்ம வீட்டு ஆளுக்காக அவரு அழுதது இதுதான்டி மொதல் தடவை!” எழுந்து போய் அடைக்கலராஜைக் கட்டிக்கொண்டு, மதனராஜன் அழுத அதே மாதிரி, தோளைக் குலுக்கி அழுதார். “அவரு சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை வருஷம் காப்பாத்தினீங்களே! வேற எவன் காப்பாத்துவான்? எவனா இருந்தாலும் வாயைத் தொறந்திருப்பான்!”

“செத்தவன் எப்படிப்பா வாயைத் தொறப்பான்?” என்று அருள்நாதன் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி பலமுறை ஓடி, காசெட்டில் அந்த இடத்தில் மட்டும் கோடு விழுந்துவிட்டது. உயிர்ப்புத் திருநாளில் அந்த வீட்டில் ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அற்புதசாமி மருமகனின் இடது காலைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்.

மறு ஈஸ்டருக்கும் விழா நடந்தது. தொட்டியத்திலிருந்து ஒரு பஸ் கொள்கிற உறவு ஜனம். அடைக்கலராஜுக்கு முதல் வரிசையில் நாற்காலி. இப்போது அவர் மூச்சு விட ஆரம்பித்திருந்தார், நிறுத்தத்தான் யாராலும் முடியவில்லை.

“அந்தப் புடவைக்காரன் விளம்பரம் மட்டும் இல்லேன்னா மொகம் தெரிஞ்சிருக்கும் மாமா. மொகத்துலதான் நான் நெறைய பண்ணியிருந்தேன்.”

“தெரியுதே மாப்பிள்ளை. காலுலயே தெரியுது.”

“இன்னொண்ணு, சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு அவர் மேல மரியாதை உண்டு. இருந்தாலும்...” அடைக்கலராஜ் திரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். “அந்த எடத்துல அவரு கொஞ்சம் அதிகமாத்தான் அழுதுட்டாரு. நான் அளவாத்தான் செத்திருக்கேன்.”

அற்புதசாமி யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். லூர்துராணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, முன்னால் நீட்டியிருந்த அந்தக் காலை ஒரு தட்டுத் தட்டினாள்.

“கொஞ்சம் நகருங்க. பெருக்கணும்.”