காய் அடுக்க நின்றவர்கள்

1. பேப்பரோடு வந்தவர்

ஒரு திங்கட்கிழமை காலை, சனிக்கிழமைப் பேப்பரை எட்டாக மடித்துக் கையில் பிடித்தபடி ஒருவர் என் அறை வாசலில் நின்றார். மடிப்பில் ஒரு படம் மட்டும் வெளியே தெரிந்தது. காக்கிச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“இந்தப் படத்தப் பேப்பருக்குக் குடுத்தது நீங்களா சார்?”

“ஆமா, நான்தான்.”

பெருமையாகத்தான் சொன்னேன். மகன் படம் வந்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“என் பேரு குருசாமி. எம்.ரெட்டியபட்டியில ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். லீவு நாள்ல என் மகன் பால்பாண்டி ஓட்டுவான். நேத்து அவன் வண்டி எடுத்தான் சார். ஏறி உக்காந்த பொம்பளையாளுக அவன் மொகத்தப் பாத்ததும் எறங்கிட்டாக.”

2. நோட்டு இல்லாத அறை

பத்தொன்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தேன். முதலில் ஏரியா ரிப்போர்ட்டர், பிறகு செய்திகளைத் திருத்தி வெட்டும் டெஸ்க். அதன்பின் திருச்சுழி ரோட்டில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர் நல அலுவலராகச் சேர்ந்தேன். விளையாட்டு, உடல்நலம், பாதுகாப்பு மூன்றும் என் பொறுப்பு. ஹெல்மெட் பேரணி, தற்காப்புப் பயிற்சி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் நடத்தினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனர், ஒரு படம், ஒரு ஃபைல்.

உண்மையில் பலன் கொடுத்த ஒரே ஏற்பாடு என்னுடையது அல்ல. மாணவர்களின் மனநல ஆலோசகர் ஷாஹிதாவுடையது.

எங்கள் மைதானத்தில் மாலை ஐந்து மணி வரை வெயிலில் நிற்க முடியாது. நாலரைக்குக் காலேஜ் பஸ்கள் நரிக்குடிக்கும் காரியாபட்டிக்கும் கிளம்பிவிடும். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது மதிய இடைவேளையில் கேரம்தான். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோர் ரூமில் நான்கு போர்டுகள். ஷாஹிதா தன் மேஜையை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். கதவில் பெயர்ப் பலகை இல்லை. ஆள் குறைந்த போர்டில் தானும் உட்கார்ந்து ஆடுவார். மோசமாக ஆடுவார். “ஏலே, மேடம் ஒனக்குப் பார்ட்னருடா, இன்னிக்கு நீ காலி” என்று பையன்கள் சிரிப்பார்கள்.

பெல் அடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள். பேச வேண்டியது இருக்கிறவர் மட்டும், காய்களை டப்பாவில் அடுக்குவதற்காக நிற்பார். இதை யாரும் விதியாகச் சொல்லவில்லை; தானாக ஏற்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு மாணவர் காய் அடுக்குகிறார், அவ்வளவுதான்.

வருகைப் பதிவேடு வைக்கச் சொன்னேன். ஷாஹிதா மறுத்தார்.

“நோட்டு வெச்சா வெளையாட வர்றவன் கையெழுத்துப் போடுவான் சார். பேச வர்றவன் வாசலோட போயிருவான்.”

3. பேரும் ஊரும்

பல்கலைக்கழகத்தின் தரத்தை மதிப்பிட ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

“ஆலோசனை மையம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நோட்டு இல்ல, வாசல்ல பேர்ப் பலகை இல்ல, எப்படிங்க நம்புவாங்க? பேப்பர்ல ஒரு படம் வந்தா ஃபைல்ல வெச்சிரலாம். நீங்க பேப்பர்க்காரர்தானே?”

மறுநாளே போட்டோகிராபரை வரச் சொன்னேன். ஷாஹிதா அன்று விடுப்பு. அதை நான் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வெளிச்சம் விழுந்த போர்டில் ஒரு பையன் ரெட் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். நல்ல முகம். அதுதான் படம் என்று பார்த்ததுமே தெரிந்தது.

“தம்பி, பேரு?”

“பால்பாண்டி சார். பி.காம். மூணாவது வருசம்.”

“ஊரு?”

“எம்.ரெட்டியபட்டி.” சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரிலிருந்து விரலை எடுத்தான். “எதுக்கு சார்?”

“பேப்பர்ல வரும்.”

“கேரம் ஆடுறதுதானே சார்?”

“ஆமா, கேரம்தான்.”

அறைக்குத் திரும்பி பிரஸ் நோட் எழுதினேன். மாணவர்களின் மன அழுத்தம் போக்க ஆலோசனை மையம், விளையாட்டோடு இணைந்த புதிய முயற்சி என்று நான்கு பாரா. படத்துக்குக் கேப்ஷன்: ‘ஆலோசனை மையத்தில் கேரம் விளையாடும் எம்.ரெட்டியபட்டி மாணவர் பால்பாண்டி.’ பேரும் ஊரும் இல்லாத படம் செத்த படம் என்று டெஸ்க்கில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை வந்த பேப்பரில் நான்கு பாரா இரண்டாகியிருந்தது. படத்தை நெருக்கி வெட்டியதில் கேரம் போர்டு போய்விட்டது. முகம் பெரிதாகத் தெரிந்தது. கீழே ‘மன அழுத்த ஆலோசனை மையத்தில் எம்.ரெட்டியபட்டி மாணவர் பால்பாண்டி’ என்று ஒரே வரி. டெஸ்க்கைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பத்தி அகலம்தான் இடம் என்றால் நானும் அப்படித்தான் வெட்டியிருப்பேன்.

4. மறுப்பு

குருசாமி நின்றபடியே சொன்னார். ஆறு மாதத்துக்கு முன், எதிரே ஒரு பஞ்சு லோடு லாரி ஏறி வந்ததில் பால்பாண்டி ஆட்டோவை ஓரத்தில் இறக்க, அது சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த ஓர் அம்மாவுக்குக் கை ஒடிந்தது.

“அன்னிக்கு ஊரே லாரிக்காரனத்தான் வஞ்சது சார். நேத்து அந்தம்மா மகன் எங்க வாசல்ல வந்து நிக்கான். ‘ஒங்க மகனுக்கு மண்டை சரியில்லன்னு தெரிஞ்சுதான் வண்டியக் குடுத்தீகளா’ன்னு கேக்கான். டீக்கடையில பயலுக, ‘ஏலே பால்பாண்டி, மாத்திரை போட்டுட்டியா, இல்ல போட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பியா’ங்குறானுக. நானும் இப்ப அந்த வண்டியத்தான் ஓட்டணும்.”

பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

“ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்க சார். அவன் வெளையாடத்தான் போனான், அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு.”

போடலாம் என்றேன். பத்திரிகையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மறுப்பு போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்வது வழக்கம். வகுப்பிலிருந்து பால்பாண்டியை வரச் சொன்னேன். விஷயம் தெரிந்து ஷாஹிதாவும் வந்துவிட்டார்.

“சார், அவங்கிட்ட இப்பக் கேக்காதீங்க. மறுப்பு போடணும்னா, அனுமதி இல்லாம பேரு போட்டுட்டோம்னு நம்ம தப்ப எழுதுங்க. அவனப் பத்தி எழுத வேண்டாம்” என்றார், தணிந்த குரலில்.

எனக்கு அது தேவையில்லாத தயக்கமாகப் பட்டது. ஒரு வரிக் கேள்வி, ஒரு வரி பதில். பையன் வந்து அப்பாவைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கேட்டேன்.

“பால்பாண்டி, நீ கேரம் ஆடத்தானே அங்க போவ?”

அவன் ஷாஹிதாவைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“காய் அடுக்கவும் நின்னிருக்கேன் சார்.”

குருசாமிக்கு அது புரியவில்லை. எனக்கும் ஷாஹிதாவுக்கும் புரிந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் மகன் பக்கம் திரும்பினார்.

“எதுக்குடா?”

“லாரிக்கு அப்புறம் ஹேண்டிலப் புடிச்சா கை நடுங்குச்சுப்பா. ஒங்ககிட்டப் பரிச்சைன்னு சொல்லிட்டு ஓட்டாமயே இருந்தேன். மேடந்தான் கொஞ்சங் கொஞ்சமாச் சரி பண்ணுனாக. ரெண்டு மாசமா நடுக்கம் இல்ல. அதான் வண்டி எடுத்தேன்.” அப்பா கையில் இருந்த பேப்பரைப் பார்த்தான். “நேத்து மறுபடி நடுங்குச்சு.”

குருசாமி பேப்பரை இன்னும் ஒரு மடி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“மறுப்பெல்லாம் வேண்டாம் சார். பொய்யாப் போயிரும்.” வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: “நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீக. பேர மட்டும் போடாம இருந்திருக்கலாம்.”

5. பிறகு

ஆய்வுக் குழுவுக்கு அந்தக் கட்டிங் பிடித்திருந்தது. ஃபைலில் இன்றும் இருக்கிறது.

பால்பாண்டி வகுப்புக்கு வந்தான், பரீட்சை எழுதினான், தேறினான். கேரம் அறைக்கு வரவில்லை. ஷாஹிதா இரண்டு முறை வேறு இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்; அதற்கும் வரவில்லை. கடைசியாக அவனை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குருசாமி ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். பால்பாண்டி பின்சீட்டில், மடியில் பையோடு, பயணியாக உட்கார்ந்திருந்தான். இப்போது வண்டி ஓட்டுகிறாயா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். “வாரேன் சார்” என்றான். வண்டி கிளம்பியது.

இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறேன். என் நாற்காலிக்கு வரப்போகிறவர்களிடமும் ஃபைலுக்கு ஆதாரம் கேட்பார்கள். அறையைப் படமெடுங்கள். போர்டைப் படமெடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை வேண்டுமானால் கொடுங்கள். யாருடைய பேரையும் ஊரையும் கேட்காதீர்கள். தவறிக் கேட்டுவிட்டால், சரிசெய்கிறேன் என்று இரண்டாவது முறை கேட்காதீர்கள். நான் இரண்டு முறையும் கேட்டேன். இரண்டாவது முறை அவன் அப்பாவை வைத்துக்கொண்டு கேட்டேன்.

அறையில் இப்போதும் நான்கு போர்டும் நிறைந்துதான் இருக்கின்றன. ஷாஹிதா அதே மேஜையில் இருக்கிறார், அதே மாதிரி தோற்கிறார். பெல் அடித்ததும் ஒருவர் விடாமல் எல்லோரும் போய்விடுகிறார்கள். காய்கள் போர்டிலேயே கிடக்கின்றன. மதியம் அந்தப் பக்கம் போனால், நானும் அவரும் அடுக்கி வைக்கிறோம்.