ஒரு சாண் கண்ணாடி

சூடேறிய கூலன்டின் மணம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது. கார் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய்களில் ஓடும் அந்தப் பச்சைத் தண்ணீர் எங்காவது கசிந்தால், சீனிப்பாணி காய்ச்சுவது போல ஒரு தித்திப்பு மணம் முதலில் வரும், அதன் பின்னால் ரப்பர் கருகும் நெடி வரும். எனக்குப் பதினொரு வயதான அந்தக் குளிர்காலம் முழுவதும் புலம்பெயர்ந்து வந்து மல்வேர்னில் நாங்கள் இருந்த வீட்டில் இந்த மணம்தான். அம்மா குழம்புக்குத் தாளிக்கிற மணம்கூட அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

காரணம் அப்பாவின் கார். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த அப்பா, வேலை முடிந்து வந்து மூன்று வருடமாக எங்கள் கராஜுக்குள் தன் கையாலேயே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். பழைய காலத்து ஆங்கிலக் கார் ஒன்றின் நகல் அது: இரண்டே இருக்கை, தலைக்கு மேலே ஒன்றுமில்லை, மழை வந்தால் இழுத்து மூட ஒரு கன்வஸ் துணி. அதன் ஃபைபர்கிளாஸ் உடல் சக்கரமில்லாமல் ஒரு வண்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அயலவர்கள் அதைப் 'படகு' என்றே சொன்னார்கள், அப்பாவும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு தன் பாட்டில் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அதன் தூசு பட்டு வீட்டில் எல்லோருக்கும் கடி. நான் பள்ளிக்கூடத்தில் முழங்கையைச் சொறிந்து சொறிந்தே கணக்குப் படித்தேன்.

அந்தக் குளிருக்கு முந்திய கோடைகாலத்தில் படகு ஓடத் தொடங்கியபோது முதலில் ஏறியது அம்மா. இதைச் சொன்னால் எங்களைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அம்மா காரில் ஏறாத ஆள் என்று பெயர் எடுத்தவர். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், பிக்கரிங்கில் அவர் வேலை செய்த பொதிசெய்யும் தொழிற்சாலைக்குப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து போன வான் வண்டியில், உறைபனி நாளொன்றில் முன்கண்ணாடிக்கு உள்ளே மூடுபனி பிடித்துத் தெரு மறைய, வான் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை; பக்கத்தில் இருந்த அன்ரிக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்று தொடக்கம் எங்கள் சொந்த வானில்கூட அம்மா ஏறவில்லை. குளிரிலும் இரண்டு பஸ் மாறி, விறைத்த விரல்களோடு வேலைக்குப் போய் வந்தார். யார் என்ன சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "கண்ணாடி தெரியாத வாகனத்தில நான் ஏறமாட்டன்."

திறந்த காரில் மூடுபனி பிடிக்க இடமே இல்லை அல்லவா, அதனால்தான் அந்தக் கோடையில் அம்மா தலைமுடி பறக்க அதில் சிரித்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பை அப்பா மறக்கவில்லை. இலையுதிர்ந்து முதல் குளிர் வந்ததும் அவர் படகை மூடி வைக்கவில்லை, அதற்கு ஹீட்டர் பொருத்திப் பூட்டப் போவதாகச் சொன்னார். மெக்கானிக்கான அன்ரனி அங்கிள் கராஜ் வாசலில் நின்று, "உந்தக் கூடாரத்துக்கை ஹீட்டர் போட்டு ஆருக்குச் சூடு காட்டப் போறியள்?" என்று கேட்டார்.

அப்பா நிமிரவில்லை. "குளிருக்கை அவ ஏறுறதெண்டால் இந்தக் காரிலதான் ஏறுவா. நான் ஏத்திக் காட்டுறன்."

அப்படித் தொடங்கியது அந்தக் குளிர்கால யுத்தம். பழைய கார்கள் உடைக்கும் யார்ட்டில் சின்னக் கார் ஒன்றிலிருந்து ஒரு ஹீட்டர்ப் பெட்டியைக் கழற்றி வந்து, எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் சுற்றி வருமாறு ரப்பர்க் குழாய்களை இழுத்து, பின்னால் ஒரு ஃபானைப் பொருத்தினார். சூடான காற்று வந்தது, ஆனால் கால் பெருவிரலுக்கு மட்டும். அதைக் கண்ணாடிக்குக் கொண்டுபோக நெளிகிற குழாய் வேண்டியிருந்தது. உடுப்புக் காயவைக்கும் மெஷினின் வெள்ளிக் குழாயை வாங்கிவந்து பார்த்தார், அது யானைத் தும்பிக்கை போல டாஷ்போர்ட்டுக்கு அடியில் போக மறுத்தது. அடுத்த சனிக்கிழமை அம்மா வீடு கூட்டத் தொடங்கியபோது வக்கூம் மெஷினுக்குக் குழாயைக் காணவில்லை. மூலை முடுக்கில் விட்டு இழுக்கும் அதன் தட்டை வாயும் காணாமல் போயிருந்தது. கண்ணாடியின் அடியில் காற்றை மெல்லிய பட்டையாக ஊதுவதற்கு அதைவிட நல்ல வாய் உலகத்தில் இல்லை என்று அப்பா விளக்கினார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. இரண்டாவது வாய் அன்ரனி அங்கிள் வீட்டு வக்கூமிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று அங்கிளுக்கு அப்போது தெரியாது.

டாஷ்போர்ட்டில் மூன்று துளை வெட்ட வேண்டும் என்று சோக்குக்கட்டியால் கீறியபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. நடுத் துளை வரவேண்டிய இடத்தில் மாதா நின்றார். கோடையில் கார் முதன்முதல் தெருவுக்கு இறங்குவதற்கு முன், அம்மா மன்னாரிலிருந்து கொண்டுவந்த மாதா சொரூபத்தை, சுவாமியார் வந்து ஆசீர்வதித்த கையோடு, அப்பாவின் ஃபைபர்கிளாஸ் பசையாலேயே தானே ஒட்டியிருந்தார். அந்தப் பசை பிடித்தால் பிடித்ததுதான். டாஷ்போர்ட் தகட்டோடு அறுத்துப் பக்கத்தில் வைக்கலாமா என்று அப்பா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். ஆசீர்வதித்து வைத்த இடத்தில் வாள் வைப்பதா என்று அம்மா முகம் சிவந்தார். ஆகவே மாதாவுக்கு இரு பக்கமும் இரண்டு துளை மட்டும் வெட்டப்பட்டன.

சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. கன்வஸை இழுத்து மூடிவிட்டு, ஆவி பறக்கும், பால் விடாத பிளேன்ரீக் கோப்பையோடு என்னை உள்ளே இருத்தி, "பிள்ளை, நல்லா ஊது" என்பார் அப்பா. நான் மூச்சு முட்ட ஊதுவேன், கண்ணாடி வெள்ளையாகும், அவர் ஃபானைப் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் பெட்டி ஒழுகியது. தித்திப்பு மணத்தோடு கண்ணாடியில் எண்ணெய் போல ஒரு படலம் படிந்தது, அதைத் துடைக்கத் துடைக்க இன்னும் மங்கியது. முழுவதையும் கழற்றி வேறொரு பெட்டி கொண்டுவந்தார். அதன் ஃபான் எரிந்தது. மூன்றாவதும் கொண்டுவந்தார். விரல் நகங்களுக்குள் இரத்தம் கட்டிப்போய் இருந்த அப்பாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் விடச் சொல்ல வாய் வரவில்லை. நானும் அம்மாவின் விரல்களைப் பார்த்திருந்தேன்.

தை மாதம், உறைமழை பெய்து பஸ் தரிப்பிடம் கண்ணாடி போல வழுக்கிய ஒரு காலையில், அப்பா படகை முன்கூட்டியே இயக்கிச் சூடாக்கி வைத்தார். சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்த அம்மா காருக்கு முன்னால் நின்று பார்த்தார். மாதாவின் இரு பக்கமும் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. மாதாவுக்கு மேலே, சூடு எட்டாத நடுவில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாக மூடியிருந்தது.

"நடுவில தெரியேல்லை" என்றார் அம்மா. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். எனக்கு அம்மாவில் வந்த கோபத்தில் அழுகை வந்தது; அவ்வளவு நாளும் ஊதிய மூச்செல்லாம் வீணாகப் போனது போல இருந்தது. அப்போது அம்மா திரும்பி வந்தார், கையில் அப்பா கட்டிப் பழசான சாரத்தில் கிழித்த ஒரு துண்டு. கதவைத் திறந்து ஏறி, இடது கையை நீட்டி அந்த ஒரு சாண் இடத்தை அழுத்தித் துடைத்தார்.

"இஞ்சாருங்கோ, இப்ப தெரியுது. மெல்ல ஓடுங்கோ."

இரண்டு இருக்கைக் காரில் எனக்கு இடமில்லை. கராஜ் வாசலில் நின்று, கார் பின்னால் போய்த் தெருவில் திரும்பும்வரை கண்ணாடிக்குள் அம்மாவின் கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் மட்டுமல்ல, அதன் பிறகு எத்தனையோ குளிர்காலம் அந்தக் கை அப்படித்தான் பிக்கரிங்வரை துடைத்துக்கொண்டு போனது.

இப்போது மல்வேர்ன் வீடு இல்லை. அம்மாவும் அப்பாவும் என்னோடு பிக்கரிங்கில் இருக்கிறார்கள். படகை, மாதாவை அசைக்கமாட்டேன் என்று வாக்குத் தந்த ஒருவருக்குப் போன வருடம் கொடுத்துவிட்டோம். என் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடி முழுவதும் தெளிந்துவிடுகிறது, பக்கத்தில் இருக்கிற அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா வருகிறார். அந்தக் கை சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்கு ஏனோ கஷ்டமாக இருக்கிறது.

கராஜை வெறுமையாக்கியபோது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், நடுவில் பூட்டவேண்டிய மூன்றாவது வாய் கிடைத்தது. மாதாவின் பாதத்தைச் சுற்றி வளைந்து போகும்படி சூடுகாட்டி இரண்டாகப் பிரித்து, ராவிக் கறுப்படித்து, பூட்டுவதற்கான ஆணிகளையும் அதோடு ஒட்டி வைத்திருந்தார் அப்பா. சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் அந்த முதல் குளிர்காலத்தினுடையது. ஏன் பூட்டவில்லை என்று கேட்டேன்.

"உதைப் பூட்டியிருந்தால் கொம்மாவுக்கு அந்தக் காரில வேலையில்லாமப் போயிருக்கும்" என்றார் அப்பா. "சும்மா இருந்தா அவ பயப்பிடுவா பிள்ளை."