அடுப்புச் சுவருக்காக 150 கிலோமீட்டர்

வீடு வாங்கி ஆறு வருடம் கழித்துத்தான் எங்கள் சமையலறைக்கு விடிவு வந்தது. டைல்ஸ் ஒட்டுபவர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். சாமான் தயாராக இல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவாராம். அதனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவர் சேகரும் தெரிந்தவர்கள் வீட்டு அடுப்புச் சுவர்களைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று கிளம்பினோம்.

எங்களுக்கு இரண்டு சுவர். முன்னால் விருந்தாளி கண்ணில் படும் டிரை கிச்சன், பின்னால் தாளிப்பும் பொரியலும் நடக்கும் வெட் கிச்சன். கைக்காசுக்கு ஒன்றில்தான் பூப்போட்ட டைல்ஸ், மற்றதில் வெறும் வெள்ளை. எது எதற்கு என்று நான் சேகரைக் கேட்கவே இல்லை, முன்னால்தான் பூ என்று முடிவு கட்டிவிட்டேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் சமைப்பது அவர். எனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும்.

காலை 8.15க்கு எங்கள் ஊரான புக்கிட் பெருந்துங்கை விட்டு, 58 கிலோமீட்டர் ஓட்டி, 9.30க்கு தஞ்சோங் காராங்கில் என் தோழி மல்லிகா வீட்டை அடைந்தோம். முன்சமையலறையில் மீன் செதில் வடிவப் பச்சை டைல்ஸ், கூரை வரைக்கும். மயங்கிப்போனேன். ஆனால் அடுப்பில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

"இங்க சமைச்சா வீடெல்லாம் மீன் வாடை லா. நம்ம பொழப்பு பின்னாலதான்," என்றாள் மல்லிகா. பின்னால் போனால் வெள்ளை டைல்ஸ், இடுக்கெல்லாம் மஞ்சள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று அதற்கென்றே தொங்கியது.

அடுத்து 17 கிலோமீட்டரில் கோலா சிலாங்கூர், சேகரின் அண்ணன் ரவி வீடு. அறுகோணச் சாம்பல் நிற டைல்ஸ், நல்ல யோசனைதான், கறையே தெரியாது. அதுவும் முன்னால்தான். அந்த அடுப்பின்மேல் பலகை போட்டு முறுக்கு டின் அடுக்கியிருந்தார்கள். ரவி அண்ணன் பின்னால் நின்று நெத்திலிச் சம்பல் கிண்டினார். அங்கேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டு 1.30க்குக் கிளம்பினோம்.

புஞ்சாக் ஆலாம் 27 கிலோமீட்டர். டைல்ஸ் கடையில் நீலப்பூ டைல்ஸ் பெட்டி 68 வெள்ளி (ரிங்கிட்), வெள்ளை டைல்ஸ் 27. கடைப்பெண் எந்தச் சுவருக்கு என்று கேட்டதும், "முன்னாலதான்," என்றேன். சேகர் சத்தமில்லாமல் வெள்ளைப் பக்கம் போய் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தார், எது சுலபமாகத் துடைக்க வரும் என்று.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தினமும் இரண்டு வேளை அந்தச் சுவரைப் பார்த்து நிற்கிற மனுஷன்.

"ஏங்க, பூவ பின்னால போட்டுருவமா?"

"எதுக்கு? நான் சட்டியத்தான பாக்குறேன், சுவத்தையா பாக்குறேன்," என்றார். ஆனால் நீலப் பெட்டிகளை அவரே தூக்கிவந்து காரில் வைத்தார். வீடு திரும்ப 48 கிலோமீட்டர், வழியெல்லாம் ஒரே பேச்சு.

நீங்களும் இப்படிக் கிளம்பினால் சுவரின் அளவையும் படத்தையும் கொண்டு போங்கள். ஒரு பெட்டி கூடுதலாக வாங்குங்கள். இடுக்குக்கு வெள்ளைப் பூச்சு வேண்டாம், சாம்பல் நிறம் போதும். முக்கியமாக, யார் சமைக்கிறார்களோ அவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒட்டி முடித்த மறுநாள் வேலை விட்டு வந்தேன். பின்சமையலறையில் நீலப்பூச் சுவர் பளபளக்கிறது, சேகரைக் காணோம். மனிதர் கொல்லையில், துணிக்கொடிக்குக் கீழே, சின்ன கேஸ் அடுப்பை வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"சுவத்துல எண்ணெ தெறிச்சிரும் லா. அவ்ளோ அழகா இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அடுப்பை அணைக்கச் சொல்லி உள்ளே கூட்டிவந்தேன். எண்ணெயைக் காயவைத்து, ஒரு கை கடுகை நானே அள்ளிப் போட்டேன். நாலு பூ மேல் படபடவென்று தெறித்தது. சேகர் பதறித் துணியை எடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத கறைய நானே போட்டுட்டேன். இனிமே பயப்படாம சமைங்க."