பின்னுக்குப் பார்த்த கிளி

யாழ்ப்பாணத்தில் பழங்காலத்துக் கிளித்தோட்டை அச்சொட்டாகச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பொய். வாழ்நாளில் செய்தது மூன்றே மூன்று. அதிலும் ஒன்று பிழை.

வல்வெட்டித்துறையில் அடுப்பும் லாம்பும் திருத்துகிறவன் நான். பள்ளிக்கூடத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தனிக்கட்டை. நானே சமைத்து, நானே சாப்பிட்டு, குறையையும் நானே சொல்லவேண்டும்.

பக்கத்து ஒழுங்கையில் சட்டை தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அடுப்பு எடுக்க வந்தவள், எங்கள் கோயில் தேரில் பக்கம் திரும்பி நிற்கும் மரப்பெண்ணின் காதுத் தோட்டைப் பற்றிக் கதைத்தாள்.

"உந்தக் கிளித்தோடு இப்ப ஆர் செய்யினம்?"

"நான் செய்வன்."

வாய் முந்திவிட்டது. அவள் அதைப் போட்டால் கலியாணம் கேட்பது என்று மனமும் முந்திவிட்டது.

தேர்க்கொட்டகைக்குப் போய்ப் போய்ப் பார்த்து, பழைய வெள்ளிக் காசை உருக்கி வார்த்தேன். அவள் இரண்டையும் போட்டு, மினுக்கி வைத்திருந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் எண்ணெய்த் தாங்கியில் முகம் பார்த்தாள். சிரித்தாள்.

"இஞ்சை பாருங்கோ! ஒரு கிளி என்ரை முகத்தைப் பாக்குது. மற்றது கோவிச்சுக்கொண்டு பிடரியைப் பாக்குது!"

"அந்தக் காலத்துப் பெண்டுகள் பின்னுக்கும் காவல் வைச்சவை."

"காவல் உங்கடை வாய்க்குத்தான் வேணும். இதைத் திருப்பிச் செய்து தாங்கோ. மற்றது என்னோடை நிக்கட்டும்."

மரப்பெண்ணுக்குத் தெரிவது ஒரு காதுதான். இரண்டு தோட்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டேன். ஒரு பெண்ணின் இரண்டு காதையும் கிட்ட நின்று பார்த்தவனுக்கு இந்தப் பிழை வந்திராது.

புதுக் கிளியை நான் முடிப்பதற்குள் தமையன் வந்து அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டான். ஒற்றைக் கிளி அவளோடு போனது. பிழையானதும் பிறகு திருப்பி வார்த்த புதியதும் சேர்ந்து, இப்போது சரியான சோடி என்னிடம். விலைக்குக் கேட்டவர்களுக்கு, "உது வேறை ஒராளின்ரை" என்றேன். பொழுதுபட மேசையில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். இந்த வீட்டில் அதிகப்படி நான்தான். பகிடி சொல்லிச் சிரித்தாலும் அவை என் பக்கம் திரும்புவதில்லை.

இன்று தேர். அவள் தமையன் வீட்டாரோடு வந்து நிற்கிறாளாம் என்று தேத்தண்ணீர்க் கடையில் கதை. காதில் என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்டேன். ஒருவனும் பார்க்கவில்லை. ஆகையால் நானே போய்...

"அண்ணை! வடம் பிடிக்க ஆள் காணாது, கெதியா வாங்கோ!"

படலையில் பக்கத்து வீட்டுக்காரன். அவளிடம் உள்ளதற்குச் சோடியான புதுக் கிளியை மட்டும் மடியில் செருகிவிட்டேன்.