எட்டாம் வகுப்பு மஞ்சள் படிவம்

கையில் வாங்கும்போது அந்த மஞ்சள் படிவம் இன்னும் சூடாக இருந்தது, பிரதி எடுத்த மை மணமும் போகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம், நாங்கள் அகதிகளாய் வந்திறங்கிய மல்வேர்னில் நான் எட்டாம் வகுப்பு. அக்காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை 'பேசிக்', 'ஜெனரல்', 'அட்வான்ஸ்ட்' என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பல்கலைக்கழகம் போவதென்றால் மூன்றாவதில்தான் படிக்க வேண்டும் என்பது, என்னை எஞ்சினியராக்கக் கனவு கண்ட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கணக்கில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். ஆனால் நாட்டுக்கு வந்து இரண்டே வருடமான என் ஆங்கிலத்தைப் பார்த்து, ஆசிரியை எல்லாப் பாடத்துக்கும் 'ஜெனரல்' என்று எழுதிவிட்டார். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்த என் உயிர்த்தோழி சுமதிக்கும் அதேதான். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சுமதியின் தாயிடம் விசாரிக்கப் போனார். அந்த அன்ரி எங்களுக்கு முன்னமே வந்தவர், நாலு இடம் தெரிந்தவர். "ரீச்சர் சொன்னதைத்தான் நாங்களும் போட்டனாங்கள். அவையளுக்குத் தெரியாததே எங்களுக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லித் தேத்தண்ணி தந்தார். சுமதி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதைக் கேட்ட அப்பா, "படிப்பிக்கிற ஆக்களோடை போய் நியாயம் கதைக்கிறதோ?" என்று கையெழுத்து வைத்துவிட்டார்.

செப்டெம்பரில் முதல்நாள் கணக்கு வகுப்பில் சுமதிக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தேன். அவள் வரவேயில்லை. மத்தியானம் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அம்மா ஜெனரலை வெட்டிப்போட்டு அட்வான்ஸ்ட் எண்டு எழுதினவ. பேரன்ட்ஸ் மாத்தலாமாம்."

"எப்ப?"

"நீங்கள் எங்கட வீட்டை விசாரிக்க வாறதுக்கு முதல்நாள்."

என்னைவிடக் குறைந்த புள்ளிக்காரி மேலே போக, நான் ஊரில் படித்து முடித்த பின்னக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியை யாரோ, நான் யாரோ, அவரில் எனக்குக் கோபமில்லை. தேத்தண்ணி தந்து பொய் சொன்ன அன்ரிதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். அட்வான்ஸ்டுக்கு ஏறி வர எனக்கு இரண்டு வருடம் கூடுதலாகப் பிடித்தது, எஞ்சினியர் கதை அதோடு முடிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் இப்போது அந்தப் பிரிப்பு இல்லை. அன்ரியும் இல்லை. பிக்கரிங்கில் நடந்த அவரின் செத்தவீட்டில் சுமதி என் கையைப் பிடித்து, "இரண்டு தமிழ்ப் பிள்ளையள் மாத்தினால் ஸ்கூல் சந்தேகப்பட்டு இரண்டையும் ஜெனரலுக்கே திருப்பி விட்டிடும் எண்டு அம்மா பயந்தவ," என்று அழுதாள். அகதியாய் வந்தவர்களுக்கு அந்தப் பயம் வரும், எனக்கும் தெரியும். விளங்குது என்று சொல்லி முதுகைத் தடவிவிட்டேன். ஆனால் அன்று அவளுக்கு வயது பதின்மூன்று, எனக்கும் பதின்மூன்று. நானென்றால் சொல்லியிருப்பேன்.