உதுமாலெவ்வை சேர் அழித்த வரி

உதுமாலெவ்வை சேரை ஒன்றை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கல்முனைக் கோர்ட்டில் ஓய்வு பெறும்வரை மொழிபெயர்ப்பாளராக நின்றவர். அடுத்தவன் சொல்லும் பொய்யை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய், மனிதர் வாயிலிருந்து வருவது எதுவும் அவருக்கு ருசிக்காமல் போய்விட்டது. மீன்காரன் "இப்பதான் கரைக்கு வந்த மீன்" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்த பிறகும், "எந்தக் கரைக்கு?" என்று கேட்பார். 2009 மே மாதம், யுத்தம் முடிந்ததென்று ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபோது, "மற்றச் செனலையும் போடுங்க, பாப்பம்" என்றவரும் அவர்தான்.

பென்சன் எடுத்தபின் அவர் பொழுது முழுக்க என் கடையில்தான். கல்முனையில் நான் நடத்திய இன்டர்நெற் கடையில், மூலைக் கம்பியூட்டரை அவருக்கென்றே விட்டிருந்தேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை அங்கேதான் அவர் கண்டுபிடித்தார். மற்றவர்கள் அதில் எழுதினார்கள். சேர் அழித்தார். எங்கள் பக்கத்து எழுத்தாளர், கவிஞர், சமூகசேவகர் என்று யாருடைய வாழ்க்கை வரலாறு ஏறினாலும், வரிக்கு வரி 'ஆதாரம் தேவை' என்று போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்.

ஒருநாள் கவிஞர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார்.

"நான் பொறந்ததுக்கு நானே ஆதாரமா இரிக்கன். வேற என்ன வேணும் ஒங்களுக்கு?"

"நீங்க நம்பகமான ஆதாரமில்ல" என்றார் சேர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி அச்சில் இருப்பதெல்லாம் மலர்கள்தாம். பொன்னாடை போர்த்தினால் பாராட்டு மலர், மௌத்தானால் நினைவு மலர். பாராட்டு மலரில் வரும் வரலாறு அனேகமாக உரியவரே எழுதிக் கொடுத்தது. நினைவு மலரில் மையித்தைக் குறை சொல்ல ஆருக்கு மனம் வரும்? இரண்டையுமே சேருக்குப் பிடிக்காது. ஆனால் மலரையும் விட்டால் எங்களுக்கு வேறு போக்கில்லை. அதனால் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டார். அது ஐதுரூசின் நினைவு மலர்.

ஐதுரூஸ் சாய்ந்தமருதுக்காரர், வானொலி நாடகக்காரர். நெல் ஆலையில் நடக்கிற 'ஈரச் சாக்கு' நாடகத்தால் நாடெங்கும் பேரெடுத்தவர். சுனாமியன்று காலையில் கடற்கரைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. ஜனாஸாவும் கிடைக்கவில்லை. உடல் இல்லாதவர்களுக்குத் தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுகையைப் பள்ளியில் வைத்தோம். சேரும் முன்வரிசையில் நின்று தொழுதார். மனைவி றுகையா ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டுக்குள் இத்தா இருந்தார். பிறகு மலர் வந்தது. மலரைப் பார்த்துக் கலைக்களஞ்சியத்தில் சேரே கட்டுரை எழுதினார்.

யுத்தம் முடிந்த அதே வருடம், அந்தக் கட்டுரையில் ஒரு வரி முளைத்தது. "'ஈரச் சாக்கு' நாடகத்தை எழுதியவர் இவருடைய மனைவி றுகையா. மகளைப் பெற்று நாற்பது கிடந்த நாட்களில் அவர் இதை எழுதினார்."

எழுதியவருக்குப் பெயரில்லை, கம்பியூட்டரின் இணைய இலக்கங்கள் மட்டும் இருந்தன. 'நம்பகமான ஆதாரம் இல்லை' என்று சேர் அழித்தார். அடுத்த நாள் வரி திரும்ப வந்தது. அழித்தார், வந்தது. சேருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இது றுகையாட வேல. மனிசன் மௌத்து. கேக்க ஆள் இல்ல. பேர் எடுக்கப் பாக்கா."

அவருடைய வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. அந்த வரியை அடிப்பது யாரென்று, கடைக்கு வருகிற ஒவ்வொருவரின் திரையையும் முதுகுப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். காதல் கடிதம் அடித்த பொடியன் ஒருவன் அதோடு என் கடைக்கு வருவதையே விட்டான்.

விதவைப் பெண்ணின் வீட்டுக்குத் தனியே போவது சரியில்லையென்று சேர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீடு கல்யாணக் களையில் இருந்தது. மகள் பஸ்மிலாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். உள்ளறையில் பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். றுகையா ராத்தா எங்களை முன்னறையில் இருத்தினார்.

சேர் கோர்ட்டில் நிற்பவர் போலவே தொடங்கினார்.

"கலைக்களஞ்சியத்தில ஒங்கட பேரப் போட்டது ஆரு?"

"எனக்குக் கம்பியூட்டர் தெரியா சேர். என்னண்டு போட்டிரிக்கி?"

நான் வரியைச் சொன்னேன். 'நாற்பது கிடந்த நாட்களில்' என்ற இடம் வந்ததும் ராத்தாவின் முகம் வெளுத்தது. எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உண்மையா?" என்றார் சேர்.

"ஓம். பஸ்மிலாவ மடியில வெச்சுக்கிட்டு எழுதின. அவர் தன்ட பேர்ல அனுப்பினாரு. பிறகு வந்த நாடகங்களும் அப்பிடித்தான்."

"இத ஆருக்கிட்டயெல்லாம் சொன்னீங்க?"

"ஒருத்தருக்கிட்டயும் இல்ல. என்ட உம்மாக்கும் தெரியா."

"அவர் சொல்லியிருப்பாரு."

ராத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"இரிக்கும்வரைக்கும் அவர் அத வாயால சொல்லமாட்டாரு சேர். மௌத்தான பிறகுதான் சொல்லுவாரு."

சேர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். அவருடைய மனம் ஓடுவதை என்னால் பார்க்க முடிந்தது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்; ராத்தா போடவில்லையென்றால் மற்றவர்தான். கட்டுரைக்கு ஆதாரம் மலர். மலருக்கு ஆதாரம் பள்ளியில் நடந்த தொழுகை. தொழுதவர்களில் சேரும் ஒருவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவர், இந்த ஒரு மௌத்தை மட்டும் பார்க்காமலே நம்பியிருக்கிறார். எங்கள் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடல் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. ஒருவரைக் கொண்டுபோகவில்லையென்று யார்தான் நினைப்பார்கள்?

"கொழும்புப் பக்கம் அவருக்கு ஒரு வீடு இரிக்கி எண்டு அப்பவே கத அடிபட்டிச்சு" என்றார் ராத்தா மெதுவாக. "நான் நம்பல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமை பஸ்மிலாவை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பாளராக, வலியாக, நிற்கப்போவது வாப்பாவின் தம்பி. சொந்த வாப்பா உயிரோடு இருந்தால், அவரை விட்டுவிட்டு அந்த இடத்தில் தம்பி நிற்க ஏலாது. நிக்காஹே கேள்வியாகிவிடும். ஐதுரூஸ் ஓடியும் கெடுத்தார், உண்மையைச் சொல்லியும் கெடுக்கப் பார்க்கிறார்.

"அந்த வரிய அழிச்சுப் போடுங்க சேர்" என்றார் ராத்தா. "மாப்பிள்ள ஊட்டாக்களும் இதெல்லாம் பாக்கிறாக்கள்தானே. போட்ட ஆளுக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு ஆரும் கேட்டா, என்ட மகள்ட வாழ்க்க என்னாகும்?"

"அது உண்மதானே?" சேரின் குரல் இறங்கியிருந்தது. "ஒங்கட எழுத்துத்தானே?"

"எனக்கு மகள் போதும்."

கடைக்கு வந்தோம். சேர் வரியை அழித்தார். வழக்கமாக அதோடு தேத்தண்ணி கேட்பார். அன்று கேட்கவில்லை. திருத்துகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், கட்டுரையின் உரையாடல் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

"ஐதுரூஸ் அவர்களின் மகளுக்கு எதிர்வரும் வெள்ளிக்கிழமை நிக்காஹ். தகப்பன் மௌத்தாகிவிட்டபடியால் தகப்பனின் தம்பி வலியாக நிற்கிறார்."

ஆதாரம் எதையும் இணைக்கவில்லை. நான் ஏனென்றும் கேட்கவில்லை. வரியைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர் வாசிக்கத்தான் அவர் அதை எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஒரு பொய்யைச் சொல்வதற்கு சேர் பட்ட பாட்டை அவருடைய முதுகிலேயே கண்டேன்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நல்லபடி நடந்தது. சேர் வந்தார், மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அதன்பிறகு என் கடைக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் பேப்பர் வாசித்துவிட்டுப் போவார்.

நோன்பு வருவதற்கு முன்பு ஒருநாள் றுகையா ராத்தா சந்தைக்குப் போகிற வழியில் என் கடை வாசலில் நின்றார். சேர் எழுதியதை நான் முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"அந்த வரி திரும்ப வந்திச்சா புள்ள?"

நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "இல்ல ராத்தா. அண்டையில இரிந்து ஒருக்காவும் வரல்ல."

ராத்தா சந்தைப் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அப்ப வாசிச்சிட்டாரு. மனிசன் உசிரோட இரிக்காருதான்" என்றார். பிறகு, வீட்டில் மருமகன் பார்த்துக்கொண்டிருப்பாரென்று சொல்லிவிட்டுக் கோழி வாங்கப் போனார்.